அண்டாவில் சிலிர்த்த தீர்த்தம்

வடக்கு உத்திர வீதியில் பராசர ஐயங்கார் புதிதாக வாங்கிய வீட்டில் பதினாறு பல்புகள் இருந்தன. பதினாறும் பட்டப்பகலில் எரிந்தன. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எரிந்தால் பார்ப்பதற்கு வீதியில் யார் இருக்கிறார்கள்?

ஐயங்கார் சப் ரிஜிஸ்திராராக இருந்து ரிடையரானவர். பிறத்தியார் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு, 1937 ஆனி மாதத்தில் தமக்கென்று ஒரு வீட்டை வாங்கினார். அந்த வீதியில் கரண்ட் இழுத்த வீடுகள் அப்போது ஐந்தாறுதான். அவற்றுள்ளும் இது விசேஷம். முன்னால் இருந்த தேசிகன் சாஸ்திரப் பிடிப்பு உள்ளவர். மின்சாரம் என்பது அக்னி, அக்னிக்கு இடம் தென்கிழக்கு மூலை என்று தீர்மானித்து, மெயின் பெட்டியும் மீட்டரும் பீங்கான் கட்டைகளும் அறைந்த தேக்குப் பலகையைச் சமையல் நடக்கிற தளிகை உள்ளில், அடுப்புக்கு நேர் மேலே மாட்டச் செய்திருந்தார். சாதம் வடிக்கிற ஆவியெல்லாம் நாள்தோறும் அந்தப் பலகையின் மேல்தான் போய்ப் படிந்தது. அதன்பின் வீட்டை விற்றுவிட்டு, பெண்ணோடு இருக்கப் பம்பாய்க்குப் போய்விட்டார்.

வாங்கியவரை மயக்கியதே அந்தப் பலகைதான். "வாஸ்து பார்த்து கரண்ட் இழுத்த கிருஹம் ஸ்ரீரங்கத்திலேயே இது ஒண்ணுதான், ஓய்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அதையும் மிஞ்சியது அண்டா. தளிகை உள்ளின் நிலைப்படிக்கு உள்பக்கம், மர முக்காலியின் மேல், பன்னிரண்டு குடம் கொள்ளும் செம்பு அண்டா. வீட்டோடு வந்தது. தினமும் அதில் காவேரித் தீர்த்தம் நிரம்பும். குடிபுகுந்த மூன்றாம் நாள் ஸ்நானம் பண்ணின ஈரத்தோடு ஐயங்கார் அதன் விளிம்பைத் தொட்டார். விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் ஏதோ ஒன்று எறும்பு வரிசை போல ஊர்ந்து போயிற்று. மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. கையை எடுத்தார். மறுபடியும் தொட்டார். மறுபடியும் ஊர்ந்தது. இரண்டு சாட்சிக் கையெழுத்து இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத மனிதர், அன்று ஒரு சாட்சியும் கேட்காமல் தரையில் விழுந்து ஸேவித்தார்.

வாரம் முடிவதற்குள் ஊர் வர ஆரம்பித்தது. காலை அலம்பிக்கொண்டு வந்து, ஈரக் காலோடு நிலைப்படிக் கல்லில் நின்று, ஒரு விரலால் தொட வேண்டும். தொட்டவர்கள் "பெருமாளே!" என்று விதிர்விதிர்த்துப் போனார்கள். ரிடையரான முன்சீப் ஒருவர் கண்ணீர் விட்டார். வாத்தியார் வீரராகவன் ஒருவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. அவர் குள்ளம். விளிம்பு எட்டாமல், உட்காருகிற மணை ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று தொட்டார். ஒரு தரம், இரண்டு தரம், உள்ளங்கை முழுவதும். ஊஹூம்.

"அனுஷ்டானம் போறாது," என்று ஐயங்கார் பரிவோடு சொன்னார். வீரராகவன் அன்றிலிருந்து கூடுதலாக ஒரு வேளை சந்தியாவந்தனம் பண்ணிப் பார்த்தும் பிரயோஜனமில்லை.

ஐயங்காரின் அகத்துக்காரி செண்பகவல்லிக்கு அந்தச் சிலிர்ப்பு வேறு விதமாக வாய்த்தது. தளிகைக்கு வேண்டிய ஆசாரச் சுத்தத்துக்கு வீதியில் மற்றவர்கள் கொடியில் உலர்த்திய மடியோடு திருப்தி அடைந்தார்கள். பராசர ஐயங்காருக்குச் சொட்டினால்தான் மடி. ஆகவே விடியற்காலை முதல் தளிகை ஆகிறவரை அவள் ஈரப் புடவையோடுதான் அங்கே நின்றாள். ஆடி மாதம் ஒரு நாள் அண்டாவைத் துலக்க இரண்டு கையாலும் பிடித்தாள். கை வரவில்லை. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கால் வழுக்கி விழுந்ததால் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மரத்துக் கிடந்தன. காபி டம்ளர் நழுவியது.

"வாயு," என்றார் ஐயங்கார். "சுக்குக் கஷாயம் சாப்பிடு."

"வாயு அண்டாவுக்குள்ளேர்ந்தா வரும்?"

"பக்தி பக்குவமா இருந்தா சிலிர்ப்பு. இல்லேன்னா நோவு. அண்டாவைக் குத்தம் சொல்லாதே."

அவள் நீளக் காம்பு வைத்த கொட்டாங்கச்சி அகப்பையால் தீர்த்தம் மொள்ளத் தொடங்கினாள். ஆனால் கை தவறிப் பட்டபோதெல்லாம் அந்த அதிர்ச்சி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. முன்பு முழங்கையோடு நின்றது தோளுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. ஒருநாள் இந்த உள்ளில் ஒரு உயிர் போகும், அநேகமாக அது தன்னுடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிலையில் ஐயங்கார் கும்பகோணத்திலிருந்த குடும்ப ஆசார்யனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'அடியேன் கிருஹத்தில் காவேரி பேசுகிறாள். தேவரீர் எழுந்தருளி அனுக்ரஹிக்க வேணும்.' ஆசார்யனுக்கு எழுபத்தெட்டு வயது. ஆவணி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகப் பதில் வந்தது. அந்தத் தீர்த்தத்தாலேயே அவர் திருவடி விளக்குவதென்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை பல்புகளில் நான்கு கண் சிமிட்டின. ஐயங்கார் பாலக்கரைக்கு ஆள் அனுப்பினார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பத்து வருஷம் ஒயரிங் பார்த்த இருதயநாதன், தோல் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். ஐயங்கார் அப்போதுதான் காவேரிக் கரை அம்மாமண்டபத்திலிருந்து, வீதி முழுவதும் பார்க்கும்படி பட்டுப் பஞ்சகச்சத்தோடேயே முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"நாலு பல்பு சிமிட்டறது. ஸ்வாமி எழுந்தருளற சமயத்துல சிமிட்டப்படாது. அவ்வளவுதான் வேலை."

"போர்டு எங்கங்க சாமி இருக்கு?"

"தளிகை உள்ளே, அடுப்புக்கு மேலே."

"அடுப்புக்கு மேலயா?"

"அக்னி மூலைப்பா அது."

"கரண்ட்டுக்கு மூலை தெரியாதுங்களே," என்றார் இருதயநாதன்.

"அது இருக்கட்டும். உள்ளே நீ வரப்படாது. காலம்பற மெழுகிப் புண்ணியாகவாசனம் பண்ணியாச்சு. கொல்லை ஜன்னல் வழியாப் பார்த்துச் சொல்லு."

இருதயநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இதே கரண்ட் திருச்சியிலிருந்து பாலத்தைக் கடந்து வருகிற வழியெல்லாம் யார் யாரையோ தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அதை மட்டும் யாரும் கொல்லைப்புறமாக வரச் சொன்னதில்லை. அவர் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலின் மரக்கம்பிகளுக்கு வெளியே நின்றார். உள்ளே செண்பகவல்லி அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

கரிபிடித்த பலகையை அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார். மெயினின் இரும்புப் பெட்டியிலிருந்து வெறும் செப்புக் கம்பி ஒன்று சுவரோடு இறங்கி அண்டாப் பக்கமாகப் போயிற்று.

"அந்தக் கம்பி எங்கம்மா போகுது?"

நிலைப்படியில் நின்ற ஐயங்கார் முந்திக்கொண்டார். "எர்த் கம்பி. ஈரமான இடத்துல முடியணும்னு கரண்ட்காரன் சொன்னானாம். கொல்லை மண் அசுத்தம் இல்லையோ? காவேரியைவிடப் பரிசுத்தமான ஈரம் ஏதுன்னு, தேசிகன் அண்டாவுக்குள்ளேயே விடச் சொல்லிட்டார். என்ன ஞானம் பாரு!"

இருதயநாதன் சிலுவை போட்டுக்கொள்ள நெற்றியில் விரலை வைத்தார். மார்புக்கு வருவதற்குள் இடம் ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்.

"தொட்டா என்ன ஆகுதும்மா?"

"சிலிர்க்கும்," என்றார் ஐயங்கார்.

"ஒட்டிக்கும்," என்றாள் செண்பகவல்லி.

இருதயநாதன் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் நீண்டன. ஒன்றின் முனையை ஓர் ஆணியில் சுற்றிக் கிணற்றடிச் சேற்றில் குத்தினார். மற்றதை உலர்ந்த மூங்கில் கழியில் கட்டி, ஜன்னல் வழியாக நீட்டி, அண்டாவின் விளிம்பில் வைத்தார்.

பல்பு செந்நிறமாக எரிந்தது.

ஆசார்யனைச் சேவிக்க முன்னதாகவே வந்து கூடத்தில் கூடியிருந்தவர்கள் நிலைப்படிக்கு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பலகை இல்லை, கம்பம் இல்லை. அண்டாத் தீர்த்தத்திலிருந்து விளக்கு எரிகிறது! "காவேரி ஜோதியா நிக்கறாடீ!" என்று ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலு பேர் விழுந்து ஸேவித்தார்கள். ஐயங்கார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"விழுந்து கும்பிடறவங்க, தரை ஈரமான்னு பார்த்துக்கிட்டு விழுங்க," என்றது ஜன்னல்.

சத்தம் அடங்கியது. இருதயநாதன் நிதானமாகச் சொன்னார். "பெட்டிக்குள்ள ஒரு ஒயர் ஆவி பட்டு உரிஞ்சு இரும்பை முட்டுது. இரும்புலேர்ந்து இந்தக் கம்பி வழியா அண்டாவுக்கு வருது. அண்டா மரத்து மேல நிக்கறதால மண்ணுக்குப் போக வழியில்ல. ஈரக் காலோட யார் தொடறாங்களோ அவங்க மேல ஏறிப் போகுது. இன்னிக்கு பல்பை எரிக்குது. நாளைக்கு ஆளை எரிக்கும். பெரியவர் காலைக் கழுவவா இந்தத் தண்ணி?"

கூட்டத்தின் பின்னாலிருந்து வீரராகவன் தலையை நீட்டினார். "அப்போ அன்னிக்கு நான் மணைமேல நின்னேனே!"

"காஞ்ச மரங்களா? அதான் ஒண்ணும் ஆகல."

"அனுஷ்டானம் போறாதுன்னாரேய்யா இவர்!"

"அது எனக்குத் தெரியாதுங்க. மணை நல்ல மணை."

ஐயங்கார் அண்டாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அதிகாரமாக ஏதாவது செய்தால்தான் மானம் நிற்கும் என்று பட்டது. "நகருங்கோ. நானே சரி பண்றேன்," என்று சொட்டுகிற பஞ்சகச்சத்தோடு நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"நில்லுங்க!"

ரிடையரான ஒரு சப் ரிஜிஸ்திராரை அதுவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

"அந்த ஈரத்தோட போர்டைத் தொட்டீங்கன்னா, பெரியவர் வர்றப்ப இங்க நடக்கறது வேற காரியமா இருக்கும் சாமி. உலர்ந்த துணி, உலர்ந்த கை, காலுக்குக் கீழ மரம். அப்படி ஒரு ஆள் போனாப் போதும். நான் இங்கேர்ந்து சொல்றேன்."

"ஈரமில்லாம மடி ஏதுப்பா?"

"பட்டு இருக்கே," என்றாள் செண்பகவல்லி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "உலர்ந்த பட்டுக்கு எப்பவும் மடி உண்டு. போன வாரம் அடுத்தாத்து மாமிக்கு நீங்கதானே அரைமணி எடுத்துச் சொன்னேள்?"

ஐயங்கார் குனிந்து தம் பட்டைப் பார்த்தார். அது காவேரியில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தது.

"என் கூரைப்புடவை பெட்டியில இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கால்மணியில் திரும்பி வந்தாள். முப்பது வருஷத்து அரக்குப் பட்டு, துவட்டி முடிந்த தலை, ஒற்றி ஒற்றித் துடைத்த கை கால். வீரராகவனைக் காப்பாற்றிய மணையைத் தானே எடுத்துப் பலகைக்கு நேர் கீழே போட்டாள்.

இருதயநாதன் திருப்புளியை ஜன்னல் கட்டையில் வைக்கப் போனார்.

"இரும்பைப் புளி போட்டு அலம்பிட்டு..." என்று ஐயங்கார் ஆரம்பித்தார்.

அவள் கையை நீட்டி, இருதயநாதன் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். ஐயங்கார் அந்தச் சமயம் பார்த்துக் கண்ணை மூடி ஏதோ ஸ்தோத்திரம் சொன்னார்.

"முதல்ல மெயினை இறக்கணும்மா. கையால வேண்டாம்."

அவள் அகப்பைக் காம்பைக் கைப்பிடியில் கோத்து இழுத்தாள். 'டக்' என்றது. பதினாறு பல்பும் அணைந்தன. பகலானதால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

"இப்பக் கேளுங்க. பெட்டிக்குள்ள மேல ரெண்டு திருகு இருக்கும். அது வெளியிலேர்ந்து வர்ற கரண்ட். மெயினை இறக்கினாலும் அங்க உயிர் இருந்துகிட்டேதான் இருக்கும். கம்பெனி ஆள் கம்பத்துல வந்து எடுத்தாத்தான் போகும், அவன் மத்தியானம்தான் வருவான். அந்த ரெண்டை மட்டும் தொடக் கூடாது."

"சரி மேஸ்திரி."

அவர் கை காட்ட, பியூஸ் போட்ட பீங்கான் கட்டையை உருவினாள். "இதுல செப்புக் கம்பியை மூணு பிரியா முறுக்கிப் போட்டிருக்கா. பூணூல் மாதிரி. முடிச்சுகூட இருக்கு."

"பிடுங்கி எறிங்கம்மா. தலைமுடி மாதிரி ஒத்தைக் கம்பிதான் இருக்கணும். கோளாறுன்னா அது அறுந்து போகறதுக்குத்தான் இருக்கு. அது போகலேன்னா ஆள் போகணும்."

அவர் மெல்லிய கம்பி கொடுத்தார். மாட்டினாள். பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உரிந்த ஒயர் கரிய தோல் விலகிச் செப்புப் பல்லைக் காட்டிக்கொண்டு இரும்பின் மேல் சாய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே அந்த இரண்டு திருகுகள், ஒன்றும் அறியாதவை போலப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

கறுப்பு நாடாவைச் சுற்ற ஆரம்பித்தாள். கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால்கூட இந்த வீதி இவ்வளவு மௌனமாக நின்றதில்லை. பாதி சுற்றியபோது நாடா நழுவியது. பிடிக்கப் போன கை மேலே போயிற்று.

"கீழ!" என்றார் இருதயநாதன், கத்தாமல்.

கை நின்றது. மெதுவாகக் கீழே வந்தது. அவள் நாடாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஐயங்கார் அப்போதுதான் பார்த்தார். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. எத்தனை நாளாக? சுக்குக் கஷாயம் சாப்பிடச் சொன்ன நாளை அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்தோத்திரம் நின்றுபோயிற்று.

நாடா சுற்றி முடிந்தது. அண்டாவிலிருந்த செப்புக் கம்பியை உருவி ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள். இருதயநாதன் கிணற்றடியில் ஒரு இரும்புக் குழாயை ஆழமாக அடித்து அதில் முடுக்கினார். கொல்லை மண்ணுக்குப் போவதில் கரண்ட்டுக்கு ஆட்சேபணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இப்ப மெயினைத் தூக்குங்க."

பதினாறும் எரிந்தன. நான்கும் சிமிட்டவில்லை. இருதயநாதன் கழியை நீட்டி மறுபடியும் அண்டாவில் வைத்தார். சோதனை பல்பு கறுத்துக் கிடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது நிம்மதியா, ஏமாற்றமா என்று சொல்ல முடியாது.

செண்பகவல்லி அகப்பையால் மெயினை மறுபடி இறக்கினாள்.

"எதுக்கு இறக்கறே?" என்று ஐயங்கார் பதறினார்.

"இந்த ஆவியில அந்த நாடா எத்தனை நாளைக்குத் தாங்கும்? மத்தியானம் மேஸ்திரி உள்ளே வரணும். இந்தப் பலகை வாசல் நடைக்குப் போகணும். அதுவரைக்கும் எரிய வேண்டாம்."

"உள்ளேயா! அதுவும் ஸ்வாமி எழுந்தருளற நாளா? பதினாறு பல்பும்..."

"அப்புறம் மெழுகிண்டா ஆச்சு. ஸ்வாமிக்குக் குத்துவிளக்கு இருக்கு."

அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அதை அவள் கையிலிருந்து வாங்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

பதினோரு மணிக்கு ஆசார்யன் வந்தார். மெலிந்த சரீரம். இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அணைந்த பல்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நிலைப்படிக்கு அருகே போட்ட ஆசனத்தில் அமர்ந்தார்.

"காவேரி பேசறாள்னு எழுதியிருந்தீரே, பராசரன்?"

ஐயங்கார் சொம்பை எடுத்துக்கொண்டு அண்டாவிடம் போனார். விளிம்புக்கு ஓரங்குலம் இருக்கும்போது கை நின்றது. கோளாறு தீர்ந்தது புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. ஸ்வாமிக்காகக் கிணற்றடியில் மறுபடியும் நனைத்துக்கொண்ட பஞ்சகச்சம் காலோடு ஒட்டியது. அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாகக் கல்லில் விழுகிற சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்டது. வீதியே பார்த்துக்கொண்டிருந்தது.

செண்பகவல்லி அகப்பையைச் சுவரில் சாத்தினாள். அவர் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். பட்டை ஒதுக்கிக்கொண்டு, மரத்த விரல்களோடு வலது கையை முழங்கை வரைக்கும் அண்டாவுக்குள் விட்டாள்.

வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

தண்ணீர் 'களுக்' என்றது. அவ்வளவுதான். நிறைந்த சொம்போடு கை வெளியே வந்தது.

ஆசார்யன் சொம்பில் ஒரு விரலை விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தார். "ஒண்ணும் தெரியலையே."

ஐயங்கார் வாய் திறந்தார். சொல்வதற்கு நல்ல வாக்கியங்கள் இரண்டு மூன்று தயாராக இருந்தன. அனுஷ்டானம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"இல்லை ஸ்வாமி. அது கரண்ட் கசிஞ்சது. அடியேனுக்குத் தெரியலை. அவள்தான் நிறுத்தினாள்."

"அப்பாடா!" என்றார் ஆசார்யன். அவர் முகத்தில் வழிநெடுகத் தாங்கி வந்த எதுவோ இறங்கியது. "கும்பகோணத்துலேர்ந்து அதே பயம். இந்த வயசுல சிலிர்ப்பெல்லாம் தாங்காதுப்பா. ஜலம் ஜில்லுன்னு இருக்கு, அது போறும். விடுங்கோ காலுக்கு."

ஐயங்கார் திருவடியை விளக்கினார். செண்பகவல்லி சொம்பிலிருந்து வார்த்தாள். அவள் முழங்கையிலிருந்து காவேரி சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஐயங்கார் அண்டாவைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் அவர் கையில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

ஆசார்யனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே இருதயநாதன் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, மத்தியானத்துக்காகக் காத்திருந்தார்.

"ஏன்னா," என்றாள் செண்பகவல்லி. "மேஸ்திரி அப்புறம் வரச்சே பலகையை ஒரு பக்கம் பிடிச்சுக்க ஆள் வேணுமாம்."

"நான் பிடிச்சுக்கறேன்," என்றார் ஐயங்கார்.

சொல்லிவிட்டு, கொடியிலிருந்த உலர்ந்த வேஷ்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். இரண்டு தடவை.